அப்பாவோட லென்ஸ், 27.46 மில்லிமீட்டர் வளையம், கொஞ்சம் கழித்தல் கணக்கு

பேங்க்ல லாக்கர் பிரிவைக் கொஞ்ச வருஷம் பார்த்தவன் நான். லாக்கர்ல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனா வருஷக்கணக்கா யாருமே வந்து திறக்காத லாக்கர் எதுன்னு ரிஜிஸ்டரைப் பார்த்தா தெரிஞ்சிடும். அந்தப் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம் "பத்திரமா வெச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு மறந்தே போயிட்டாங்களே"ன்னு மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். அதே தப்பை என் வீட்டு பீரோவுல நான் பதினாலு வருஷம் பண்ணியிருக்கேன்னு 2021-லதான் தெரிஞ்சது. அந்தக் கதையும், அதுல இருந்து எனக்கு உண்டான ஒரு அபிப்பிராயமும்தான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம். படிச்ச ஆளு. ஒளியியல் எல்லாம் முறையாப் படிச்சதில்லை. பெங்களூருல பொட்டி தட்டுற நண்பர்கள் நிறைய பேர் என்னைவிட நல்லாப் படம் எடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது கணக்கு மட்டும்தான். நல்லவேளையா இந்த விஷயத்துல பாதிக்கு மேல வெறும் கழித்தல் கணக்கு :-)

அப்பாவும் ஜெனித்தும்

எங்க ஊர் கோவில்பட்டி. அப்பா தபால் ஆபீஸ்ல கிளார்க். 1983-ல மெட்ராஸ் போனவர், யாரோ வித்துட்டுப் போன ஜெனித் கேமரா ஒண்ணை வாங்கிக்கிட்டு வந்தார். சோவியத் நாட்டோட நாம ரூபாய்லயே வியாபாரம் பண்ணிட்டிருந்த காலம் அது. அதனால ரஷ்ய கேமரா நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுற விலையில கிடைச்சது. அதுல மாட்டியிருந்தது ஹீலியோஸ் 44-2ங்கிற லென்ஸ். 58 மி.மீ., எஃப்/2. சீரியல் நம்பர் 79-ல ஆரம்பிக்கும். அந்த லென்ஸ்கள்ல முதல் ரெண்டு எண்ணும் செஞ்ச வருஷம், அதாவது 1979.

அப்புறம் கொஞ்ச வருஷம் கழிச்சு, கிழக்கு ஜெர்மனியில செஞ்ச பென்டகான் 135 மி.மீ. லென்ஸ் ஒண்ணையும் வாங்கினார். அது அவருக்குப் பெரிய செலவு. அம்மா ரெண்டு நாள் பேசலையாம். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிச்ச 'இந்து' கருப்பு வெள்ளை ஃபிலிமைப் போட்டு, தெருக்காரங்க வீட்டுக் காதுகுத்து, சடங்கு எல்லாத்துக்கும் போய் எடுத்துக் கொடுப்பார். ஃபிலிம் காசு மட்டும் வாங்கிப்பார்.

2007-ல எனக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தப்ப ரெண்டு லென்ஸையும் என் கையில கொடுத்து, "வெச்சுப் பூட்டிராதல, எடுத்துப் புழங்கு"ன்னார். நான் தலையாட்டிட்டு வந்தேன். வந்து என்ன பண்ணினேன்? ஜெனித்தையும் அதுல மாட்டியிருந்த ஹீலியோஸையும் வீட்டுக்காரம்மா ஹால் ஷோகேஸ்ல அழகுக்கு வெச்சாங்க. விலை கூடின பென்டகானை நான் பொறுப்பா அதோட தோல் உறைக்குள்ள போட்டு, துணியில சுத்தி, பீரோவுல பூட்டினேன்.

2021 லாக்டவுன்ல பொழுது போகாம பீரோவைத் திறந்தேன். பென்டகானை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா உள்ளே சிலந்தி வலை மாதிரி வெள்ளை வெள்ளையா கோடு. ஊரடங்கு தளர்ந்ததும் அவென்யூ ரோடு பக்கம் ஒரு மாடியில இருக்கிற ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போனேன். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஃபங்கஸ் பந்திதெ சார்"னார். பிரிச்சுத் துடைச்சும் கொடுத்தார். பூஞ்சை போச்சு. ஆனா அது கக்குற அமிலம் கண்ணாடி மேல இருக்கிற பூச்சை அரிச்சிடும். அந்தத் தடம் போகாது. இன்னைக்கும் வெயிலைப் பார்த்து அந்த லென்ஸைத் திருப்பினா படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி ஒரு வெளுப்பு.

ஷோகேஸ்ல சும்மா கிடந்த ஹீலியோஸ்? தூசியைத் துடைச்சா பளிச்சுனு இருந்தது. பூஞ்சைக்கு இருட்டும் ஈரமும் அசையாத காத்தும் வேணும். தோல் உறை அதுக்கு விருந்து. கண்ணாடிக் கதவு வழியா தினமும் வெளிச்சம் பட்டதும், தூசி தட்டுறேன்னு வாரம் ஒரு தடவை கதவைத் திறந்ததும் ஹீலியோஸைக் காப்பாத்தியிருக்கு. அழகுக்கு வெச்சது பிழைச்சது. பாதுகாப்பா வெச்சது கெட்டது. இதை அப்பாகிட்ட சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

கழித்தல் கணக்கு

சரி, பழைய லென்ஸை இன்னைக்கு இருக்கிற டிஜிட்டல் கேமராவுல எப்படி மாட்டுறது? அடாப்டர்னு ஒரு உலோக வளையம் விக்குது. ஒரு பக்கம் பழைய லென்ஸ் மாட்டும், இன்னொரு பக்கம் புது கேமராவுல மாட்டும். அவ்வளவுதானான்னா, அவ்வளவுதான். ஆனா ஒரு கணக்கு இருக்கு.

ஒவ்வொரு கேமராவுக்கும் லென்ஸ் உட்காருற விளிம்புல இருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. ஜெனித், டகுமார், பென்டகான் எல்லாம் எம்42ங்கிற திருகு வகை. 1949-ல டிரெஸ்டன்ல வெளிவந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோட பரவலா வந்த வகை இது. அதோட தூரம் 45.46 மி.மீ. இப்ப மத்ததைப் பாருங்க:

நிக்கான் எஃப் - 46.5
கேனான் ஈ.எஃப். - 44
மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் - 19.25
சோனி ஈ - 18
ஃபியூஜி எக்ஸ் - 17.7
நிக்கான் இசட் - 16

லென்ஸ் கேக்குற தூரத்துல இருந்து கேமராவோட தூரத்தைக் கழிங்க. மிச்சம் வர்றதுதான் அடாப்டரோட தடிமன். கேனான் ஈ.எஃப்.னா 1.46 மி.மீ., சின்ன வளையம் போதும். சோனி ஈன்னா 27.46 மி.மீ., ஒரு குழாய் மாதிரி இருக்கும். நிக்கான் எஃப்னா மைனஸ் 1.04. பேங்க் பாஷையில ஓவர் டிராஃப்ட்! இல்லாத இடத்துல வளையம் செய்ய முடியாது. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் கூடுதலா முன்னால தள்ளி உட்காரும். கிட்டத்துல இருக்கிற பூவை எடுக்கலாம், தூரத்து மலைக்கு ஃபோகஸ் வராது. இதைச் சரிக்கட்ட நடுவுல ஒரு கண்ணாடி வெச்ச அடாப்டர் விப்பாங்க. என் பழைய எஸ்.எல்.ஆருக்கு அதுல ஒண்ணு வாங்கினேன். படமெல்லாம் தேங்காயெண்ணெய் தடவின மாதிரி வந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், கழிச்சுப் பார்க்காம வாங்கினது என் தப்பு.

நிலைமை மாறினது கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்தப்ப. அதைத்தான் மிரர்லெஸ்னு சொல்றோம். பேனசானிக் ஜி1 2008-ல, சோனி நெக்ஸ் 2010-ல, முழு அளவு சென்சாரோட சோனி ஏ7 2013-ல. நடுவுல தூக்கி அடிக்கிற கண்ணாடி இல்லாததால கேமரா ஒல்லியாச்சு. ஒல்லியானதும் கழித்தலுக்கு இடம் கிடைச்சது. பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ் ஏறக்குறைய எல்லாமே வெறும் வளையத்துல உட்கார்ந்திடும், நடுவுல கண்ணாடி வேண்டாம். இன்னொரு உபகாரம், ஃபோகஸ் ஆன விளிம்பைக் கலர் கோடு போட்டுக் காட்டுற வசதி. வேணும்னா அந்த இடத்தைப் பெரிசாக்கியும் பார்க்கலாம்.

2022-ல ஒரு பழைய மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். முழு அளவைவிட ஒன்றரை மடங்கு சின்ன சென்சார். அதுல 58 மி.மீ. போட்டா 87 மி.மீ. மாதிரி தெரியும். முகத்தை எடுக்க அருமையான அளவு. அதுக்கு முன்னால, புதுசா 85 மி.மீ. லென்ஸ் வாங்க ஈ.எம்.ஐ. விண்ணப்பம் பூர்த்தி பண்ணி வெச்சிருந்தேன். "இந்தக் கடன் உங்களுக்கு எதுக்கு?"ன்னு தினமும் அடுத்தவங்களைக் கேக்குற ஆளு நான்! அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டேன். அடாப்டர் விலை, குடும்பத்தோட ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டு விலை.

இது ஒண்ணும் புதுசு இல்லை

பழசையும் புதுசையும் ஒட்டுறது ஏதோ மேற்கத்திய ஃபேஷன்னு சிலர் நினைக்கறாங்க. மா. கிருஷ்ணனைத் தெரியுமா? நாவலாசிரியர் அ. மாதவையாவோட மகன், 1912-ல பிறந்தவர், 1996-ல மறைஞ்சவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைல 1950-ல இருந்து கடைசி வரைக்கும் இயற்கை பத்திக் கட்டுரைத் தொடர் எழுதினவர். தமிழ்லயும் எழுதினார். கருப்பு வெள்ளையில காட்டு யானைகளை எடுத்த அவரோட கேமராவுக்கு அவரே வெச்ச பேரு 'சூப்பர் பாண்டெரோசா'. ஒரு கம்பெனியோட உடம்பு, வேற கம்பெனியோட தொலைநோக்கு லென்ஸ், மிச்சத்தை அவரே சேர்த்துப் பொருத்திக்கிட்டது. அடாப்டர்ங்கிற சொல்லே நம்ம ஊர்ல புழங்காத காலத்துல, மெட்ராஸ்ல ஒரு மனுஷன் அடாப்டர் செஞ்சு யானை படம் எடுத்திருக்கார். ஆசைக்குச் செய்யலை. கையில இருந்த கருவியால வேலை நடக்கணும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

என்னோட கட்சி

இந்த விஷயத்துல ரெண்டு கூட்டம் இருக்கு. ரெண்டோடயும் எனக்கு ஒத்துப்போகலை.

முதல் கூட்டம், "பழைய லென்ஸ்லதான் ஆன்மா இருக்கு, புதுசெல்லாம் பிளாஸ்டிக்"னு சொல்ற கூட்டம். இல்லைங்க. ஹீலியோஸ்ல முகத்துக்குப் பின்னால இலைகள் சுழல் மாதிரி சுத்தித் தெரியுமே, அது ஆன்மா இல்லை, குறை. ஓரத்துல ஒளி வெட்டுப்படறதாலயும், சரி பண்ணாம விட்ட பிழைகளாலயும் வர்றது. அந்த லென்ஸே கார்ல் ஜைஸ் ஜெனாவோட பயோட்டாரைப் பார்த்துச் செஞ்சது, லட்சக்கணக்குல வெளிவந்தது. அபூர்வப் பொருளே இல்லை. குறையை நாம ரசிக்கலாம், தப்பில்லை. எங்க பாட்டியோட பொக்கை வாய்ச் சிரிப்பை ரசிக்கலையா? ஆனா அதுக்கு 'ஆன்மா'ன்னு பேர் வெச்சு நாலு மடங்கு விலை சொல்றவங்ககிட்ட ஜாக்கிரதை. புது லென்ஸ்கள் கூர்மையிலயும் எதிர்வெளிச்சத்தைத் தாங்குறதுலயும் இதைவிட மேல்தான். அதை ஒத்துக்கிட்டுத்தான் பேசணும்.

ரெண்டாவது கூட்டம், "பழைய இரும்பு, எடைக்குப் போடு"ங்கிற கூட்டம். இங்கதான் என் பி.காம். வேலை செய்யுது. கணக்குப் புத்தகத்துல ஒரு மேஜைக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதி, கடைசியில ஒரு ரூபாய்னு வெச்சிருப்போம். புத்தகத்துல மதிப்பு ஒரு ரூபாய்தான், ஆனா அந்த மேஜை மேலதான் இன்னைக்கும் கோடிக்கணக்குல கடன் கையெழுத்தாகுது. ஹீலியோஸ் அந்த மாதிரி. அதுக்குள்ள மோட்டார் இல்லை, சிப் இல்லை, அப்டேட் இல்லை. ஆறு கண்ணாடி, எட்டு தகடு, கொஞ்சம் கிரீஸ். கெட்டுப்போனா ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளு சரி பண்ணிடுவார். மின்னணு லென்ஸ்ல ஒரு பலகை எரிஞ்சு, அந்த உதிரி பாகமும் நின்னுபோச்சுன்னா கண்ணாடி நல்லா இருந்தும் குப்பைதான். ஃபிலிம் போச்சு, ஊட்டி ஃபேக்டரி போச்சு, சோவியத் நாடே போச்சு. லென்ஸ் மட்டும் இருக்கு. அதைத் தூக்கிப் போடறது எந்த ஊர்ச் சிக்கனம்?

ஆனா எல்லா இடத்துக்கும் இது ஆகாது. அதையும் என் செலவுலதான் கத்துக்கிட்டேன். எங்க கிளையில ஒரு மூத்தவர் ஓய்வு பெற்றார். பெருமையா ஹீலியோஸோட போனேன். நாற்பது படம் எடுத்தேன். முப்பத்தொண்ணு ஃபோகஸ் தப்பு. மாலை போட்ட நொடி, அவர் மனைவி கண்ணைத் துடைச்ச நொடி, ரெண்டும் மங்கல். மனுஷன் ஒரு தடவைதான் ரிடையர் ஆவார். "பரவாயில்லை சார்"னு அவர் சொன்னது இன்னும் குத்துது. திருப்பி எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு ஆட்டோஃபோகஸ்தான். இதுல வீம்பு கூடாது.

வாங்குறவங்களுக்கு நாலு வார்த்தை

- கேமரா மெனுவுல 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்'ங்கிற மாதிரி ஒண்ணு இருக்கும். அதை ஆன் பண்ணாட்டி சில கேமரா படமே எடுக்காது. கேமராவுக்குள்ள நடுக்கம் தடுக்கிற வசதி இருந்தா லென்ஸோட மி.மீ. அளவை நீங்களே போடணும்.
- எஃப்/2-ல திறந்து வெச்சு ஃபோகஸ் பண்ணிட்டு, அப்புறம் வேணுங்கிற அளவுக்கு மூடுங்க.
- லென்ஸ் பின்னால ஒரு குட்டி ஊசி நீட்டிக்கிட்டு இருந்தா, அதை அழுத்திப் பிடிக்கிற அடாப்டரா பார்த்து வாங்குங்க. இல்லைன்னா பல லென்ஸ்ல துவாரம் மூடாது. ஹீலியோஸ் 44-2-ல ஊசி கிடையாது.
- பழைய 50 மி.மீ. எஃப்/1.4 டகுமார் மஞ்சளா இருந்தா பயப்படாதீங்க. கண்ணாடியில தோரியம் கலந்திருக்கு, நாள்பட மஞ்சளாகும். ஜன்னல்ல வெயில் படுற மாதிரி சில நாள் வெச்சா தெளியும்.
- வாங்கும்போது டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. வலை மாதிரி கோடு இருந்தா விட்டுடுங்க. வீட்டுல தோல் உறையைத் தூரப் போடுங்க. சிலிக்கா ஜெல் வைங்க, மாசம் ரெண்டு தடவையாவது எடுத்துப் புழங்குங்க.

அப்பா வந்த கதை

போன பொங்கல் முடிஞ்சு அப்பா பெங்களூர் வந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆனவர், சின்ன ஸ்கிரீன்ல ஓடுற கலர் கோடெல்லாம் அவருக்குப் பிடிபடலை. லால்பாக் கூட்டிட்டுப் போனோம். என் பொண்ணைப் பாறைக்குப் பக்கத்துல நிக்க வெச்சுட்டு, அவளுக்குக் கிட்ட போய் அங்கிருந்து நாலு எட்டு அளந்து பின்னால வந்தார். லென்ஸ் வளையத்துல இருக்கிற எண்ணைப் பார்த்து மூணு மீட்டர்ல வெச்சார். எஃப்/2. ஒரே ஒரு படம். ஃபிலிம் காலத்துப் பழக்கம், ரெண்டாவது படம் எடுக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா பொண்ணு மங்கல். பின்னால இருந்த செடி கூர்மை. அப்பாவுக்கு வயசாச்சுன்னு நான் மனசுக்குள்ள நினைச்சேன். அவர் லென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, என் கால் தப்பா அளக்காது. உன் வளையந்தான் தப்பு."

டேப் வெச்சு அளந்து பார்த்தோம். வளையத்துல மூணு மீட்டர்னு வெச்சா நிஜத்துல மூணரைக்கு மேல போய் ஃபோகஸ் ஆகுது. அப்புறம்தான் புரிஞ்சது, தூரத்து ஃபோகஸ் எப்படியும் கிடைக்கணும்னு அடாப்டர் செய்றவங்க பல பேர் வளையத்தைக் கொஞ்சம் மெலிசாவே கடைஞ்சிடுவாங்க. கணக்குப் போட்டா என்னோடது கிட்டத்தட்ட 0.2 மி.மீ. குறைச்சல். அடாப்டர்ல மூணு சின்ன ஸ்க்ரூ, கழட்டினா உள் வளையம் தனியா வந்திடும். நான் பிரிண்ட் எடுக்கிற தாள் ஒண்ணு சுமார் 0.1 மி.மீ. தடிமன். அப்பா கத்தரிக்கோல் வாங்கி, தாளை ரெண்டா மடிச்சு வளையமா வெட்டி, நடுவுல வெச்சு ஸ்க்ரூவை முடுக்கினார். தபால் ஆபீஸ்ல நாப்பது வருஷம் தாளோட புழங்கின கை.

அன்னைக்கு சாயங்காலம் மொட்டை மாடியில மறுபடி நாலு எட்டு. மூணு மீட்டர். பொண்ணோட இமை முடி எண்ணலாம் போல வந்தது. அவர் படத்தை ரொம்ப நேரம் பார்க்கலை, அவருக்குத் தெரியும்.

ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டார், "அந்த 135 எங்கல?"

ஃபங்கஸ் கதையை அவருக்கு போன்ல சொல்லியிருந்தேன், ஆனா காட்டினதில்லை. எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்கு நேரா பிடிச்சுப் பார்த்தார். திட்டலை. "வெயிலுக்கு எதிர்த்தாப்புல பிடிக்காத, முதுகுப் பக்கம் வெயிலை வெச்சு எடு, நல்லாத்தான் வரும்"னார். எடுத்துப் பார்த்தேன். நல்லாத்தான் வருது.

உங்க வீட்டுப் பரண்ல, பீரோவுல, அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ வெச்சுட்டுப் போன கேமரா ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க. லென்ஸ் விளிம்புல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, கழிச்சுப் பாருங்க, வளையம் வாங்குங்க. கொடுத்த மனுஷர் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து அவர்கிட்ட காட்டிடுங்க.

பி.கு.: அடாப்டருக்குள்ள இருக்கிற தாள் பெங்களூர் மழைக்கு ஊறிடும், பிளாஸ்டிக் தாளா மாத்தணும்னு ஆறு மாசமா நினைச்சுக்கிட்டிருக்கேன். மாத்த மனசு வரலை.